மொரீஷியஸ் சுற்றுலாவில் ஒரு வேலை நாள் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய சென்னைச் சுற்றுலா நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ஏழு நாள் மொரீஷியஸ் பயண நிரலை நான் விவரிக்கத் தேவையில்லை, அச்சிட்டவர்கள் நீங்கள்தான். அதில் சென்ற மாதம் அப்பாவுடன் போய்வந்தேன். கடற்கரை, படகு, மறுபடியும் கடற்கரை. கடல் அழகுதான். ஆனால் மெரினாவில் கால் நனைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. அவருடைய தாத்தாவின் அண்ணன் மெட்ராஸில் கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலியாக அந்தத் தீவுக்குப் போனவர், திரும்பவேயில்லை. அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்றை அப்பா சட்டைப்பையில் வைத்திருந்தார். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அக்காலக் குடியேறிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. பணம் கட்டும்போதே இதைச் சொன்னேன். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றார்கள்.

நான்காம் நாள் அதே மோக்காவில் பஸ் நின்றது, ஒரு வணிக வளாகத்தின் வாசலில். மூன்று மணி நேரம்! குழுவை விட்டுப் பிரிந்தால் தாங்கள் பொறுப்பில்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். செருப்புக் கடைக்கு எதிரே ஒரு பெஞ்சில் அமர்ந்து அப்பா அந்தத் தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். மாலையில் போர்ட் லூயிஸ் நெடுஞ்சாலையில் போகும்போது, "அதோ ஆப்ரவாசி காட்" என்று வழிகாட்டி கை நீட்டினார். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகளை வரவேற்ற தீவு மொரீஷியஸ். அவர்கள் கரையேறிய துறைதான் ஆப்ரவாசி காட். அதை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்பா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பஸ் அதைக் கடந்துவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். ஏழு நாளில் ஒரு வேலை நாளை ஆப்ரவாசி காட் துறைக்கும் மோக்கா பதிவேடுகளுக்கும் ஒதுக்குங்கள்.

அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. கடைகளில் அதை எண்ணி எண்ணிக் கொடுத்தோம். இதைப் பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் இருக்கிறது. உங்கள் நிரலில் இவற்றுக்கெல்லாம் ஒரு வரிகூட இல்லை. எந்த நாட்டுக்கு அழைத்துப்போனாலும் கடைவாசலில் காத்திருக்க மட்டும் உங்களுக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது? எங்களை என்னவென்று நினைத்திருக்கிறீர்கள்?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டு அறை திறந்திருக்கும் வேலை நாளாகப் பார்த்து அந்த ஒரு நாளை ஒதுக்குங்கள். எத்தனை மணி நேரம் என்பதையும் நிரலிலேயே அச்சிடுங்கள். கூடுதல் கட்டணம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கட்டுகிறோம். அடுத்த குழு புறப்படுவதற்குள் இதைச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்பா அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
மயிலாப்பூரிலிருந்து ஒரு பயணி