உன் மருமகனின் ஒப்படை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் தூங்கு. கொழும்பு வெக்கைக்குத் தூக்கம் வராது என்பாய், இருந்தாலும் போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படு.

போனில் பேசினால் "வேலையில இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, பயந்துவிடாதே. உன் மருமகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஒப்படை கொடுத்திருக்கிறார்கள், பாரம்பரிய விளையாட்டு ஒன்றின் வரலாறு எழுத வேண்டுமாம். தாத்தா வாத்தியாராக இருந்தவர் என்றால் அது யார் தலையில் விழும்? பரமபதத்தை எடுத்துக்கொண்டோம். இந்தக் கிழமை முழுக்க வீட்டில் அதே பேச்சுதான்.

சாமித் தட்டுக்கு அடியில் இருந்த பழைய பரமபதத் தாளைத் தேடி எடுத்தேன். மடிப்புக்கு மடிப்பு கிழிந்து, பின்பக்கம் அம்மா சோற்றுப் பசையால் பழைய சம்பளச் சீட்டுகளை ஒட்டி வைத்திருக்கிறாள். வைகுண்டத்துக்குக் கொஞ்சம் கீழே வாயைப் பிளந்துகொண்டு கிடக்குமே ஒரு பெரிய பாம்பு, அதன் கண்ணைச் சின்னதில் நீ பேனாவால் குத்திக் குத்தி ஓட்டையாக்கியிருக்கிறாய். அந்த ஓட்டை வழியாக ஒரு சம்பளச் சீட்டின் எழுத்து தெரிகிறது. பொடியன் அதைப் பார்த்துவிட்டு "மாமா எத்தனை தரம் கடி வாங்கியிருப்பார்!" என்று சிரித்தான். ரொம்பத் தடவை என்றேன். ஆனாலும் நீ அழுததில்லை, அதையும் சொன்னேன். தோற்றால் மறுபடியும் கீழேயிருந்து தொடங்குவாய். விடமாட்டாய். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

சரி, வரலாறு. வடக்கே இதை ஞான சௌபர் என்பார்கள், மோட்சப் படம் என்றும் சொல்வதுண்டு. சமணர்கள் 84 கட்டம் போட்டு ஆடினார்கள். வைணவர்களின் பலகைகளில் 72 கட்டம் உள்ளவையும் உண்டு. கட்டத்துக்குக் கட்டம் ஒரு குணம் எழுதியிருக்கும். பக்தி, தானம், பொறுமை என்று நல்லதெல்லாம் ஏணி. ஆசை, கோபம், பொய் என்று கெட்டதெல்லாம் பாம்பு. பழைய பலகைகளில் ஏணி குறைவு, பாம்பு அதிகம். உச்சியில் மோட்சம். நம் பக்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வேண்டும் என்பதற்காகப் பரமபதம் ஆடுவார்கள். மார்கழிக் குளிரில் பஜனை முடிந்து வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிளேன் டீயோடு ஆடியது உனக்கு மறந்திருக்காது. அப்பாயிதான் முதலில் தூங்கிவிழும். வருஷத்தில் ஒரே ஒரு இரவு, மகன். அந்த ஒரு இரவு விழித்திருப்பதற்குத்தான் பெரியவர்கள் இப்படி ஒரு விளையாட்டை வைத்தார்கள். மற்ற இரவெல்லாம் தூங்கத்தான்.

அப்புறம் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அச்சடித்து விற்றார்கள். சிக்கனம், உழைப்பு என்று ஏணிகளுக்குப் பெயர் வைத்து, சோம்பல், கீழ்ப்படியாமை என்று பாம்புகளுக்கு வைத்து, அங்கத்திப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். ஏணியையும் பாம்பையும் எண்ணிக்கையில் சமமாக்கியும் விட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கென்னவோ பழைய பலகைதான் பிள்ளைகளிடம் உண்மை பேசியது என்று படுகிறது. 1943இல் அமெரிக்காவில் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் போட்டு விற்றார்களாம். விழுவதும் விளையாட்டாகப் போய்விட்டது, பார்.

இதில் ஒரு விஷயத்தைப் பொடியனுக்கு எழுதிக் கொடுத்தபோது எனக்கே உறைத்தது. 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை போட்டார். இரண்டே வருஷத்தில் கோப்பிக்கு நோய் விழுந்தது. அதற்குப் பிறகு மலையெல்லாம் தேயிலையாக மாறிய காலத்தில் நம் ஆட்களைக் கப்பலேற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள், நம் விளையாட்டுகளைக் கப்பலேற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். விளையாட்டுக்குக் காப்புரிமை எடுத்துக் கொடுத்தார்கள். நமக்கு வரிசை வீடாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பிரா கிடைத்தது. ஒப்படையில் இதை எழுதவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்கு வயது போதாது.

தாயமும் எழுதினோம். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெறும் பக்கம். ஒன்றும் வெறுமையும் சேர்ந்து விழுந்தால் தாயம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது. பதினாறில் இரண்டு வாய்ப்பு, அதாவது எட்டில் ஒன்று. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான், ஏ.எல். உயர்தரம் படிக்கும்போது, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து. "பத்துத் தரம் விழலன்னா பதினோராவது தரம் கட்டாயம் விழும்னு நினைக்கிறது மடத்தனம்பா, கட்டைக்கு ஞாபகம் கிடையாது" என்றாய். நம் தோட்டத்து டிவிஷனிலிருந்து முதன்முதலாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்கப் போனவன் சொன்ன வார்த்தை. வாத்தியாராக இத்தனை காலம் இருந்தும் நான் அவ்வளவு தெளிவாக யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். அதைப் பொடியனுக்கு அப்படியே எழுதிக் கொடுத்தேன், "மாமா சொன்னது" என்று போட்டு.

பித்தளைக் கட்டையைப் பெரியத்தை இந்தியாவுக்கு, கோத்தகிரிக்குக் கொண்டுபோன கதை உனக்குத் தெரியும். அதற்காக ஒப்படையில் 1964 இந்திய இலங்கை ஒப்பந்தம் என்று ஒரு வரி எழுதினேன். நம் ஆட்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது விளையாட்டு வரலாற்றில் எதற்கு என்று டீச்சர் கேட்கலாம். கேட்கட்டும். அதற்குப் பிறகு நாங்கள் புளியங்கொட்டையை வாசல் சிமெந்தில் தேய்த்துத்தானே ஆடினோம்? ஒரு பக்கம் கறுப்புத் தோல் போய் வெள்ளையாகிற வரைக்கும், விரல் நுனி சுடச் சுடத் தேய்க்க வேண்டும். பொடியனைத் தேய்க்கச் சொன்னேன். இரண்டு கொட்டை தேய்ப்பதற்குள் "கை எரியுது தாத்தா" என்று ஓடிவிட்டான். நீ ஒரு தகர டப்பா நிறையத் தேய்த்து வைத்திருந்தாய்.

ஒப்படைக்காகப் பக்கத்துச் சிங்கள வீட்டு ஆச்சியிடமும் விசாரித்தோம். சித்திரை வருஷப் பிறப்புக்கு அவர்கள் ஆடும் பஞ்ச கெலியவும் இதே மாதிரிதான். சோகிகளை, அதாவது சோழிகளை, சிரட்டையில் போட்டுக் குலுக்கிக் கொட்டி, காயை நகர்த்தி ஓடுவது. வருஷத்துக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, பண்டிகை முடிந்ததும் உள்ளே வைத்துவிடுவார்களாம். சொல்லிவிட்டுப் பொடியன் கையில் இரண்டு கொக்கிஸ் பலகாரம் கொடுத்தது.

லூடோவையும் சேர்க்கச் சொன்னான். அதுவும் நம் பழைய பச்சீசி விளையாட்டுதான். பத்தேபூர் சிக்ரியில் அரண்மனை முற்றத்திலேயே அக்பருக்குக் கட்டம் போட்டிருக்கிறது, இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். அடிமைப் பெண்களைக் காய்களாக நிறுத்தி ஆடினார் என்று சொல்வார்கள். அரசன் ஆடினால் அப்படித்தான், காய் நகரும் வலி காய்க்குத்தான் தெரியும். சோகியை எடுத்துவிட்டு ஆறு பக்கப் பகடை போட்டு, 1896இல் இங்கிலாந்தில் லூடோ என்று காப்புரிமை வாங்கினார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் எல்லோர் போனிலும் அதுதான் இருந்தது, நம் வீட்டிலும்தான். அம்மாவே ஆடினாள்.

அந்த இடத்தில்தான் பொடியன் கேட்டான், "மாமா போன தரம் வந்தப்ப ராத்திரி போர்வைக்குள்ள ஆடுனது இதுதானே? ஆனா அதுல சல்லி எண்ணிக்கை வந்துச்சே?"

அதை ஒப்படையில் எழுத வேண்டாம் என்றேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை மகன். நீ படித்தவன், சம்பாதிக்கிறவன். தங்கச்சி கல்யாணத்துக்கு நீ வாங்கிய கடனை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நீயே கட்டி முடித்தவன், அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன், அதைச் சொல்லவாவது விடு. இந்தியாவில் 2025 ஆகஸ்ட் மாதம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டுச் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு நாட்டின் பாராளுமன்றம் உட்கார்ந்து சட்டம் போடுகிற அளவுக்கு எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

இன்னொன்றும் யோசித்தேன். பித்தளைக் கட்டை நாலு பேர் கண் முன்னால் உருளும். கள்ள ஆட்டம் ஆடினால் அப்பாயி கையைப் பிடித்துவிடும். போனுக்குள் உருளும் பகடையை யார் உருட்டுகிறார்கள்? ஆட்டத்துக்கு ஆட்டம் யார் ஜெயித்தாலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறவனே உருட்டுகிறான். நாலு பேர் தலைக்கு நூறு ரூபாய் கட்டி, ஜெயித்தவனுக்கு முந்நூற்றைம்பது கொடுத்தால், ஐம்பது எங்கே போனது? நாள் முழுக்க அந்த நாலு பேரும் மாறி மாறி ஜெயித்தாலும் கடைசியில் நாலு பேர் பையும் காலி. இது நீ எனக்குச் சொல்லித்தர வேண்டிய கணக்கு. நான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பரமபதத்தில் காசு கிடையாது. தோற்றவனும் ஜெயித்தவனும் விடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சூது என்ற அதிகாரத்தை இங்கே எடுத்து எழுதப்போவதில்லை, பத்துக் குறளையும் ஒப்பித்து நீ பரிசு வாங்கியிருக்கிறாய். கீழ் டிவிஷனில் அருச்சுனன் தபசு ஆடினபோது என் தோளில் உட்கார்ந்து பார்த்தாயே, "அவர் ஏன்பா மரத்துல ஏறித் தவம் செய்றாரு" என்று கேட்டாய். அண்ணன் பகடையில் தோற்றுவிட்டார் என்றேன். "அப்ப அண்ணன்தானே ஏறணும்?" என்றாய். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சோற்றை ஒரு வேளையாவது குறை. இரவில் தூங்கு.

தங்கச்சியின் தோடு விஷயம். போன தரம் நீ வாங்கிக்கொண்டு போனது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை. காதில் ஈர்க்குக் குச்சியைச் செருகிக்கொண்டு திரிகிற பிள்ளையிடம் யாராவது கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? பண்டிகைக்குப் புது டிசைன் எடுக்கப் போகிறேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள், உன்னை விட்டுக்கொடுக்காமல். அடகுச் சீட்டு உன்னிடம் இருந்தால் தவணைத் தேதியைப் பார். தேதி தாண்டினால் ஏலம் போட்டுவிடுவார்கள். வட்டி கட்டக் காசு போதாவிட்டால் எனக்குச் சொல். பென்ஷனில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்கமாட்டேன். சீட்டை மட்டும் எனக்கு அனுப்பு, நானே போய் மீட்டுக்கொள்கிறேன். காசாக உன் கைக்கு அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

தீபாவளிக்கு வருகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வருவதானால் ரயிலுக்கு இப்போதே சீட் போடு, கடைசி நேரத்தில் கோட்டை ஸ்டேஷனில் கால் வைக்க இடம் இருக்காது. பஸ்ஸில் இரவுப் பயணம் வேண்டாம், கினிகத்தேனைக்கு மேலே பனிமூட்டம். லீவு இல்லை என்றால் இல்லை என்று சொல், அம்மா முறுக்குக்கு மாவு இடிப்பதைக் குறைத்துக்கொள்வாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் மட்டும் இருக்காதே.

பதில் எழுத நேரம் கிடைக்காவிட்டால் அம்மாவின் போனுக்கு எடு. ஏழு மணிக்குப் பிறகு எடு, அதற்கு முன்பு அவள் பொடியனோடு கோயிலில் இருப்பாள். வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், கட் ஆனால் மறுபடியும் எடு.

அன்புடன்,
அப்பா