ஆண்டவர் அரைப்பேர் போடுவதில்லை, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. ஆனாலும் விளங்க வேண்டியது விளங்கிவிட்டது. உபவாச ஜெபத்துக்குப் போய்ப் பல வாரமாகிவிட்டது, பைபிளைத் திறந்தால் தூக்கம் வருகிறது, மச்சானுக்கு இன்னும் சுகமில்லை. போதாக்குறைக்கு, "உனக்கு விசுவாசம் பத்தாது, அதுதான்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். கடைசியாக நீ கேட்டாய்: "அண்ணே, இப்படியே போனால் ஆண்டவர் என்னைக் கைவிட்டுருவாரா?"

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கோபப்படுவேன், பேச்சு முடியாது. அதனால்தான் கடிதம். உன் பெயரைப் போடவில்லை. இதே கேள்வியோடு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மேட்டு லயத்திலும் பணிய லயத்திலும், எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

அந்த விசுவாசக் கணக்கை முதலில் பார்ப்போம். பவுல் தன் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாகச் சொல்கிறார். அது நீங்கவேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தாது என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வருமா? வராது. உன்னிடம் மட்டும் வந்துவிட்டது. மச்சானுடைய சுகவீனத்தை உன் கணக்கில் எழுத எவருக்கும் அதிகாரம் இல்லை.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் தங்கச்சி. நாமெல்லாம் செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பதிவேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும், பிந்தினால் வேலை இல்லை. உங்கள் தோட்டத்தில் 18 கிலோ என்றால் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். அதிலும் நிறுக்கும்போது சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். 20 கிலோ பறித்தவள் 17 கிலோ சீட்டோடு நிற்பாள். வாழ்நாள் முழுக்க இப்படி நிறுக்கப்பட்டவளுக்கு, பரலோகத்திலும் ஒரு தராசு தொங்கும், அங்கேயும் ஒரு கணக்கப்பிள்ளை பென்சிலோடு நிற்பார் என்று தோன்றாமல் என்ன செய்யும்? உபவாசம் ரெண்டு கிலோ குறைவு, வாசிப்பு மூணு கிலோ குறைவு, போடு அரைப்பேர்.

இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதையை மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வாசித்துப் பார். அதை நம்மைவிட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை. எஜமான் விடியற்காலையிலேயே ஆள் எடுக்கப் போகிறார். நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி அனுப்புகிறார். மூன்றாம் மணி வேளையிலும், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் போகிறார். பதினோராம் மணி வேளை என்றால் நம்முடைய கணக்கில் சாயங்காலம் அஞ்சு மணி. அப்போதும் போகிறார். சும்மா நிற்கிறவர்களிடம் ஏன் என்று கேட்டால், ஒருவரும் எங்களுக்கு வேலை தரவில்லை என்கிறார்கள். நல்ல பலசாலிகளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அந்நேரம் வரை மிஞ்சி நின்றவர்கள் வயசாளிகள், சீக்காளிகள், எவனும் வேண்டாம் என்று விட்டவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். வேதத்தில் அப்படி எழுதவில்லை, இது என் ஊகம். ஆனால் ஒரு நாளில் ஐந்து தடவை தானே இறங்கி வந்து ஆள் தேடுகிற துரையை நம் மலைகளில் யாராவது பார்த்திருக்கிறோமா?

பொழுது சாய்ந்ததும் சம்பளம். கடைசியில் வந்தவர்களுக்கும் அதே ஒரு பணம். முழுப்பேர்! காலையில் வந்தவர்கள் முறுமுறுத்தார்கள். நாமாக இருந்தால் நேரே யூனியன் ஆபீசுக்கே போயிருப்போம். ஆனால் உன்னைக் கேட்கிறேன், இந்தக் கதையில் உன்னை ஏன் முறுமுறுத்தவர்களோடு சேர்த்துப் பார்க்கிறாய்? நீ அஞ்சு மணிக்கு வந்தவளாக இருந்துவிட்டுப் போயேன். சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு உபவாசம் இருக்க நேரம் எங்கே இருந்தது? அன்றைக்கே பரதீசு என்று அவனுக்கு வாக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சிலருக்குப் பிடிக்காது. ரோமர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார்: வேலை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையாக எண்ணப்படாது, கடனாகவே எண்ணப்படும். இரட்சிப்பு கூலி இல்லை என்று காட்டத்தான் இதை எழுதினார், சரி. ஆனால் மறுபக்கமும் உண்மைதானே. தோட்டம் உனக்குத் தருவது கிருபை இல்லை, கடன். நிறுவையில் வெட்டினால் கேள். சம்பளச் சீட்டைச் சரிபார். "கிடைத்ததே ஆண்டவருடைய கிருபை, முறுமுறுக்காதே" என்று யாராவது சொன்னால், கிருபை ஆண்டவரிடமிருந்து, கூலி கம்பெனியிடமிருந்து என்று நான் சொன்னதாகச் சொல்.

அப்புறம் பெலன். ஜெபித்தும் உடம்பில் பெலன் வரவில்லை என்கிறாய். எலியாவைப் பார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய மனிதர், அதற்குப் பிறகு வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். ஆண்டவர் திட்டவில்லை. தேவதூதன் வந்து தட்டி எழுப்பியது ஜெபம் பண்ணச் சொல்லி அல்ல, சாப்பிடச் சொல்லி. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாந்தரமும் எழுப்பி, சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்றான். விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பகல் முழுக்க மலையில் நின்று, ராத்திரி மச்சானுக்கும் பணிவிடை செய்கிற உனக்குப் பைபிளைத் திறந்ததும் தூக்கம் வந்தால், அது பாவம் இல்லை. தூங்கு.

அம்மா முழங்காலில் நின்று நீண்ட ஜெபம் செய்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. படங்குத் துணியைச் சுற்றி இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டு, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் போடும்போது, "இயேசப்பா, ஏத்திவிடும்" என்பார். அவ்வளவுதான். ஏறுவதற்கு முன் ஒரு தடவை, சரிவில் வழுக்கினால் இன்னொரு தடவை. பேதுரு தண்ணீரில் அமிழ்ந்தபோது, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டதும் அதே நீளம்தான். உடனே கை நீண்டது. பேதுருவை அற்பவிசுவாசி என்று இயேசு கடிந்துகொண்டார், உண்மைதான். ஆனால் பிடித்துக்கொண்டுதான் கடிந்தார்.

121ஆம் சங்கீதம் உனக்கு மனப்பாடம். பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிறேன் என்று தொடங்கும். மலை என்றால் அழகு என்று சுற்றுலா வருகிறவர்கள் சொல்லட்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மழை விடாமல் பெய்தால் நாமும் மலையைத்தான் பார்க்கிறோம், பயந்து பார்க்கிறோம். அதனால் அந்தச் சங்கீதத்தில் என் மனம் ஒட்டிக்கொள்வது இரண்டாவது வசனத்தில்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும். மீரியபெத்தையில் இருந்தவர்களும் ஜெபித்தவர்கள்தானே என்று நீ கேட்பாய். ஆம். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவர்களுடைய விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கவும் மாட்டேன். கர்த்தரை நம்புகிறவர்கள் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எழும்பித் தஞ்சம் தேடிப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், அதனால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

மச்சானுடைய மருந்தும் அப்படித்தான். ஜெபித்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதே. அடுத்த கிளினிக்குக்கு ஹட்டனிலிருந்து நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், நீ பேர் இழக்க வேண்டாம். கார்டை மட்டும் எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கோயிலுக்குப் போ. முடியாவிட்டால் சின்னவளைச் சங்கீதம் வாசிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டே கேள். அவளுக்கும் வாசிப்பு பழகும்.

அன்புடன்,
அண்ணன்