உன் முழங்காலும் அந்த மூலிகைக் குப்பியும்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். தாடிக்காரர் ஓய்வு பெற்ற கதையையும் உன் மகனுடைய புதிய வேலையைப் பற்றியும் பிறகு எழுதுகிறேன். உன் கடிதத்தின் நடுவே போகிற போக்கில் நீ எழுதியிருந்த இரண்டு வரிகள்தான் இப்போது என்னை உடனே எழுத உட்கார வைத்தன. முழங்கால் வலிக்காக ஒரு மாதமாக மூலிகைக் கேப்சூல் விழுங்குகிறாய், அதில் வில்லோ மரப்பட்டையும் மஞ்சள் சாரமும் மிளகின் பைப்பரினும் இருக்கின்றன, செடியிலிருந்து வந்தது என்பதால் பக்கவிளைவே கிடையாது என்றெல்லாம் பெருமையாக எழுதியிருக்கிறாய். இதய வால்வு அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க நீ நாள்தோறும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதை அதை விற்றவரிடம் சொன்னாயா? மருத்துவரிடமாவது சொன்னாயா?

கோபப்படாதே. மூலிகை வலியைத் தணிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே தணிக்கும் என்பதால்தான் பயப்படுகிறேன். 1763-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார், வில்லோ பட்டையைக் காயவைத்துப் பொடியாக்கிக் காய்ச்சல்காரர்கள் ஏறக்குறைய ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பட்டையிலுள்ள சாலிசின் என்ற வேதிப்பொருளை 1828-இல் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்த சாலிசிலிக் அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியதால், அதைச் சற்று மாற்றி உருவாக்கிய ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை அது தடுக்கிறது என்று ஜான் வேன் என்ற மருந்தியலாளர் 1971-இல் கண்டுபிடித்து, பின்னர் 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, ஆஸ்பிரின் வேண்டாம் என்று மருத்துவர் உனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்க, அதன் மூதாதையை நீ காலையும் மாலையும் விழுங்கிக்கொண்டிருக்கிறாய்! பட்டையின் வீரியம் ஆஸ்பிரினைவிடக் குறைவுதான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே மருந்து எடுப்பவனுக்கு அந்தக் குறைந்த வீரியமே போதும்.

உன் வார்ஃபரினின் பூர்வீகமும் ஒரு செடிதான் என்று தெரியுமா? ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடி பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனபோது, அதைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த மாட்டையும் உறையாத ரத்தம் நிரம்பிய பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வேதியியலாளர் கார்ல் லிங்கின் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். அதற்குக் காரணமான பொருளை லிங்கின் குழு சில ஆண்டுகள் உழைத்துப் பிரித்தெடுத்தது. அதன் வழித்தோன்றலான வார்ஃபரின் 1948-இல் முதலில் எலி மருந்தாகத்தான் வெளிவந்தது. எலி மருந்தையே ஒழுங்காகச் சாப்பிடுகிறவன் என்று உன்னை நம் குழுவில் அறிமுகம் செய்யலாமா என்று யோசிக்கிறேன்.

மஞ்சளுக்கு வருகிறேன். அதிலுள்ள முக்கிய வேதிப்பொருளான குர்குமின் குடலிலிருந்து மிகக் குறைவாகவே உடலுக்குள் ஏறும். அந்தக் குறையைப் போக்கவே பைப்பரின் சேர்க்கிறார்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், பைப்பரின் சேர்த்தபோது மனிதர்களில் குர்குமின் ஏறும் அளவு இருபது மடங்காகியது. உன் குப்பியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது இதைத்தான். ஆனால் பைப்பரின் கதவைத் திறப்பது குர்குமினுக்கு மட்டுமன்று. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளையே அது மந்தப்படுத்துவதால், வேறு மருந்துகளும் ரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கக்கூடும். மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். சமையலில் சேரும் மஞ்சளையும், அடர்த்தியாக்கிய சாரத்தையும் ஒன்றென்று நினைப்பது உன்னைப் போன்ற வேதியியல் பட்டதாரிக்கு அழகில்லை.

ஒரு வேண்டுகோள். கேப்சூலை இன்றே நிறுத்து. ஆனால் வார்ஃபரினின் அளவை நீயாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதே. குப்பியையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை உடனே செய்துகொள். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிய தடம், கறுத்த மலம் இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டாலும் முன்பதிவு நாள் வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடு. முழங்காலுக்குச் செடியின் உதவிதான் வேண்டும் என்றால், மிளகாயின் கேப்சைசின் கலந்த களிம்பு பொருந்துமா என்று அவரிடமே கேள். அது தோலில் தடவுவது. வலியை உணரும் நரம்பு முனைகளைச் சில வாரங்களில் மெல்ல மரக்கச் செய்கிறது. முதல் சில நாள் எரியும். தடவிய கையால் கண்ணைத் தொட்டுவிட்டு எனக்குத் தொலைபேசியில் கத்தாதே.

பரிசோதனை முடிவு வந்ததும் எண்ணை மட்டுமாவது எழுது. தாடிக்காரர் கதை அதன் பிறகுதான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்