மேகசின் என்றால் கிடங்கு

புதுச்சேரி

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. டாக்டர் சொல்லும்வரை வெயிலில் அலையாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் காரைக்காலில் வேலை கிடைத்திருக்கிறது.

உன் பேத்தி என்.சி.சி. கேம்பிலிருந்து வந்து, துப்பாக்கியில் தோட்டா அடைக்கும் பெட்டிக்கும் வாரப் பத்திரிகைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று கேட்டாளாமே, அருமையான கேள்வி! திருவக்கரைப் பக்கம் கல் குவாரியில் நான் கணக்கு எழுதியபோது, வெடிமருந்து வைக்கும் கட்டடத்துக்கும் மேகசின் என்றுதான் பெயர். குடியிருப்பை விட்டுத் தள்ளி, இடிதாங்கியோடு தனியாக நிற்கும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெடிமருந்து இருக்கும் அறையில், அதை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டரை வைக்கவே கூடாது, அதற்குத் தனி அறை. ஒன்று வெளியே போனாலும் ரிஜிஸ்டரில் ஏறியாக வேண்டும்.

பேத்தியிடம் முதலில் இந்தக் கட்டடத்தைச் சொல். சொல்லின் பழைய பொருள் அதுதான். அரபியில் மக்ஸன் என்றால் சரக்கு சேர்த்து வைக்கும் இடம். நாம் சொல்கிற கஜானாவும் அதே வேரில் பிறந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை மகஸேன் ஆக்கி, கடைக்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ஆயுதக் கிடங்குக்கு நிலைத்தது. அப்புறம் துப்பாக்கியில் தோட்டா இருக்கும் பெட்டிக்கும் வந்தது.

பத்திரிகைக்கு வந்த கதை இன்னும் நன்றாக இருக்கும். 1731-இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். மற்ற பத்திரிகைகளில் வந்த செய்தியையும் கட்டுரையையும் திரட்டி ஒரே இடத்தில் கொடுத்தார். எழுத்துக்கு ஒரு கிடங்கு என்ற எண்ணத்தில் வைத்த பெயர், பிறகு எல்லா இதழ்களுக்கும் பொதுவாகிவிட்டது.

நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். நெல் கொட்டி வைத்த களஞ்சியம்தானே கலைக்களஞ்சியம் ஆனது? பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954-இல் முதல் தொகுதி வந்தது. பத்துத் தொகுதிகள் வரை போனது. அத்தனை பேரை எழுத வைத்துத் தொகுத்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்புத்தான். தூரன் பெயரையும் அவளுக்குச் சொல்லிக்கொடு.

மறு பரிசோதனைக்கு இங்கேதானே வரப்போகிறாய்? கடலூருக்கு அன்றைக்கே திரும்ப வேண்டாம், ராத்திரி நம் வீட்டில் தங்கு. பேத்தியையும் கூட்டி வா, ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு அழைத்துப் போகிறேன். வரும் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
கோவிந்தன்