கூட்டத்துக்கு அப்பாவையும் கூப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் பராமரிப்பு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். அதில் டாக்டர் பேசியிருந்தார், அதிகாரி பேசியிருந்தார், என்னைப் போல வீட்டில் வைத்துப் பார்க்கிற மகள் ஒருவரும் பேசியிருந்தார். மறதி நோய் வந்தவர் ஒருவர்கூடப் பேசவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் வெகுநாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அவருக்கும் சேர்த்துப் பதில் சொன்னவள்தான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 76. அல்சைமர் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்று கேட்டால் முழிப்பார். ஆனால் ஆர்ச், ஸ்ரீபுரம், ஈரடுக்குப் பாலம், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி என்று ஸ்டாப்பிங் ஒன்று விடாமல் சொல்வார். சொல்லும்போதே டிக்கெட் கிழிக்கிற பாவனையில் ஆள்காட்டி விரல் நாக்கைத் தொட்டுவிட்டு வரும்.

போன வருஷம் பிரஷர் மாத்திரைக்காக ஒரு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் அகலமான கறுப்பு ரப்பர் மேட் விரித்திருந்தார்கள். அப்பா அதன் விளிம்பில் நின்றவர் நின்றவர்தான். இழுத்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறார். பின்னால் வரிசை நீண்டது. "பெரியவருக்கு என்னம்மா இவ்வளவு பிடிவாதம்?" என்று ஊழியர் சலித்துக்கொண்டார். எனக்கும் கோபம் வந்தது. அப்பா என் காதோரம் மெதுவாகச் சொன்னார்: "என்னட்டி, கெணத்துக்குள்ள எறங்கச் சொல்லுத?"

வெளிறிய தரையில் கறுப்பாகக் கிடப்பது இந்த நோய் வந்தவர்களுக்குப் பள்ளமாகத் தெரியும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். மேட்டைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தால் போதும், காசு செலவே கிடையாது. அதைச் சொல்லத் தெரிந்தவர் அந்த வாசலில் அப்பா ஒருவர்தான்.

இன்னொரு நாள், தெருமுனைக் கடைக்குப் போனவரைக் காணாமல் இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் ஒரு ஆட்டோக்காரத் தம்பி கூட்டி வந்துவிட்டார். கேட்டபோது, "வேப்பமரத்தைக் காணலையே, எங்க திரும்ப?" என்றார். ரோட்டை அகலப்படுத்த அந்த வாரம்தான் மரத்தை வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் பெயர்ப் பலகை புதிதாக, பளிச்சென்று இருக்கிறது. அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. பலகையைவிட மரம், கோயில், கடை போன்ற அடையாளங்களைப் பிடித்துத்தான் இவர்கள் வழி கண்டுகொள்கிறார்கள். எங்கள் தெருவில் எந்த மரம் யாருக்கு வழிகாட்டி என்று எந்த இஞ்சினியருக்குத் தெரியும், கேட்காவிட்டால்?

2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்தபடியாக நிற்பது தமிழ்நாடு. நெல்லையிலோ பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் வளைகுடாவிலும் இருக்க, தாத்தாவும் ஆச்சியும் மட்டும் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. செங்கோட்டையைத் தாண்டினால் கேரள அரசு இதற்கென்றே 'ஓர்மத்தோணி' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஓர்மை என்றால் நினைவு, நமக்கும் பழகிய சொல்தான். ஆனால் இங்கே தெருவில் காதில் விழுவது "கிறுக்குப் பிடிச்சிட்டு" என்பதுதான். ஜப்பானில் இந்த நோயின் பழைய பெயர் இழிவாக ஒலிக்கிறது என்று 2004-இல் பெயரையே மாற்றினார்கள். 2023-இல் அங்கே நிறைவேறிய சட்டம், உள்ளூர்த் திட்டம் தீட்டும்போது நோய் வந்தவர்களின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது. ஸ்காட்லாந்தில் 2002 முதல் ஒரு குழு இயங்குகிறது. நோய் உறுதியானவர்கள் மட்டுமே அதில் உறுப்பினராகலாம். குடும்பத்தாருக்குக்கூட இடமில்லை.

முதலில் படித்தபோது இது எனக்கு உறுத்தியது. இராப்பகலாகப் பார்ப்பது நாங்கள்தானே? யோசித்துப் பார்த்தேன். நான் ஊர்க் கூட்டத்துக்குப் போனால் பகல்நேரப் பராமரிப்பு மையம் கேட்பேன், வாசலுக்கு நல்ல பூட்டு கேட்பேன். அப்பாவைக் கேட்டால் சாயங்காலம் டீக்கடை பெஞ்சு வரை தனியாகப் போய் வரவேண்டும் என்பார். இரண்டும் நியாயம்தான். இதுவரை என் நியாயம் மட்டுமே வெளியே போயிருக்கிறது.

நம் ஊரில் இதற்குப் புதிதாகச் சபை எதுவும் தொடங்க வேண்டாம். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. நெல்லை மாநகராட்சியின் 55 வார்டுகளுக்கும், அதே போல மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபை உண்டு. மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தத்தை 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றமே நிறைவேற்றியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றல் பாதிப்பும் வருகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற அக்காமார்களுக்கு எந்த வீட்டில் யார் மறந்துபோகிறார் என்பது தெரியும். அவர்களை விட்டே அழைக்கலாம்.

கூப்பிடுகிற விதத்தில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். மைக்கும் கூட்டமும் இருந்தால் அப்பா வாயே திறக்க மாட்டார். ஐந்தாறு பேராக, அவருக்குப் பழகிய இடத்தில், முதலில் ஒரு டீ கொடுத்துவிட்டுப் பேச வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைவிட நல்லது, தெருவில் அவரோடு கூடவே நடந்து போய்க் கேட்பது. எந்த இடத்தில் கால் தயங்குகிறது என்பதைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். நோய் முற்றிய பிறகு இதுவும் முடியாது. அப்பாவுக்கு இப்போது முடிகிறது, அடுத்த வருஷம் எப்படியோ தெரியாது.

எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை கூடும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பொழுது சாய்ந்தால் அவருக்குத் தடுமாற்றம் கூடிவிடும். தயவுசெய்து கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வையுங்கள். வாசலில் கறுப்பு மேட் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.