கதைப்பாடல் பதிவுப் பணி: செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்திவிட வேண்டுகிறேன்.

இவ்வாண்டு முத்துப்பட்டன் வில்லுப்பாட்டையே முதன்மையாக எடுத்துக்கொண்டோம். அந்தணனான பட்டன், அருந்ததியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கக் கேட்கிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைத்துக் காட்டச் சொல்கிறார் அவர்களின் தந்தை வாலப்பகடை. பட்டன் தயங்காமல் செய்கிறான். பின்னர், பகடையின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி உயிர்விடுகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் தோல்செருப்புதான் காணிக்கை.

பாடங்களை, அதாவது ஒரே கதை பாடப்படும் வெவ்வேறு வடிவங்களை, ஒப்பிடும்போது சிக்கல் வருவது பெண்களின் பிறப்பில். சில பாடங்களில் அவர்கள் அந்தணக் குழந்தைகள். பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே. அப்படிப் பாடினால் பட்டன் எதையும் மீறியவனாக இல்லை, கதையின் முதுகெலும்பே போய்விடுகிறது. அருந்ததியர் குலத்தவனாகப் பாடப்பட்ட மதுரைவீரனைக் காசி அரசன் மகனாக்கியதும் இதே வேலைதான். இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது: பழைய கதைப்பாடல்களில் ராபின் ஹூட் சாதாரணக் குடியானவன், 1598இல் ஆண்டனி மன்டே எழுதிய நாடகங்கள் அவனை ஹன்டிங்டன் பிரபுவாக்கின.

ஆகவே இரு பாடங்களைச் சேர்த்து ஒரே கதையாக எழுதக்கூடாது. பிறப்பு வரும் அடிகளைப் புலவர், அதாவது வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர், பாடியபடியே எழுதுங்கள். அவை கையெழுத்து ஏட்டில் உள்ளவையா, அச்சுப் புத்தகத்திலிருந்து வந்தவையா, கொடை என்னும் கோயில் விழாவை நடத்துவோர் கேட்டு மாற்றியவையா என்று புலவரிடமே விசாரித்துக் குறியுங்கள். இதை மறுநாள் காலையில் கேட்பது நல்லது. பாட்டு முடிந்த கையோடு கேட்டால் அசதியில் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும்.

பதிவுக் கருவியை மேடைப் பலகையில் வைக்காதீர்கள். வில்லுப்பாட்டில் தாளத்துக்குத் தட்டும் குடத்தில் விழும் ஒவ்வொரு அடியும் பலகை வழியே ஏறிச் சொற்களை விழுங்கிவிடுகிறது. பந்தல் கம்பத்தில், புலவரின் தலை உயரத்துக்குச் சற்று மேலே, குடத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கட்டுங்கள். சவுண்டு சர்வீஸ்காரரின் மிக்சரிலிருந்து மட்டும் எடுத்தால், மைக் இல்லாத பின்பாட்டுக்காரர்களின் குரல் விடுபடும். பட்டன் வெட்டுப்படும் கட்டத்தில் உடுக்கையும் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலும் வேகமெடுக்கும், சாமியாடிக்கு அருள் வரும். மெமரி கார்டு, பேட்டரி மாற்றுவதை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து நடமாடுவது கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல்.

அடுத்த ஆண்டு காத்தவராயன் கதைப்பாடல். யாழ்ப்பாணத்தில் சிந்துநடைக் கூத்தாக ஆடப்படும் பாடத்தையும் கழுமரக் காட்சியையும் நம் பக்கத்துப் பாடல்களோடு ஒப்பிடவிருக்கிறோம். ஈழத்துப் பேச்சுவழக்கு தெரிந்த உறுப்பினர்கள் பெயர் கொடுக்கவும்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்