யானை நடந்தே போயிருக்கும்

ஆசிரியருக்கு,

இலங்கை யானைகளின் முன்னோர் கடலை நீந்திக் கடந்ததாகத் தங்கள் ஞாயிறு கட்டுரை கூறுகிறது. யானை நன்றாகவே நீந்தும். சிறுத்தையும் கரடியும் எப்படிப் போயின? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது தரை. முந்தைய பனியுகங்களிலும் இப்படித்தான். அந்தமானைச் சுற்றி ஆழ்கடல் என்பதால் அங்கு இயற்கையாக யானையும் இல்லை, சிறுத்தையும் இல்லை.

தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகளுக்கு யானை புதிதல்ல, ராகிக் காட்டுக்கே வரும். 'இதே யானை இலங்கையில் எப்படி?' என்று வகுப்பில் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பனியுகக் கடற்கரையைக் காட்டும் வரைபடம் ஒன்றை வைக்கலாம்.

– பள்ளி ஆசிரியர், தேன்கனிக்கோட்டை